விரல் பருத்தால் இசை வாராதோ?

(தமிழாசிரியன் ஒருவன், வீரமுனை)

இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் சங்க இலக்கியம் பற்றியோ ஈழத்துப் புலவர் பரம்பரை பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அத்தகைய கட்டுரைகள் இம்மலரிலே பல வரும். அவற்றை எழுதுதற்கு என்னினும் தக்கார் பலர் உளர். ஆதலின் யான் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். அது மிகச் சிறிய பொருள். விரலளவே ஆன பொருள். பருத்த விரல் உடையவன் கிற்றார் பழகலாமா, ஆகாதா என்பதே அது.

"இதுவும் ஒரு விடயமா?" என்று நகைப்பார் நகைக்க. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் யானும் நகைத்தவனே. அந்நகைப்பினால் ஒரு மாணவனுக்குத் தீங்கு செய்தேன். அதனை மறைக்காது கூறிவிட்டு, அதிலிருந்து யான் கற்றதை இங்கே முன்வைக்க விரும்புகின்றேன்.

அப்பொழுது யான் கற்பித்த பாடசாலையிலே கலைவிழா ஒன்றுக்கு ஆயத்தம் நடந்தது. வெளிநாட்டிலிருந்து அன்பர் ஒருவர் அனுப்பிய கிற்றார் ஒன்று பாடசாலையில் இருந்தது. அதனைப் பழகுவதற்கு மாணவர் இருவரைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கோ கிற்றாரில் யாதொரு பயிற்சியும் இல்லை. இல்லாத அறிவை இருப்பதுபோற் காட்டுதல் ஆசிரியர் தொழிலிலே எளிதாக வந்துவிடும் குற்றம். மாணவரை வரிசையாக நிறுத்திக் கைகளை நீட்டச் சொன்னேன். மெலிந்து நீண்ட விரல் உடையார் இருவரைத் தெரிந்துகொண்டேன். வரிசையின் முடிவிலே நின்றவன் கூலிக்கு வயல் வெட்டும் ஒருவரின் மகன். எல்லோரினும் ஆசையோடு நின்றவன் அவனே. பாடும்பொழுது சுருதி பிசகாதவன். அவன் கையைப் பார்த்தேன். தந்தையோடு வரப்பு வெட்டியும் நெல்மூடை தூக்கியும் பழகிய கை. விரல்கள் தடித்து, நுனி அகன்று இருந்தன. "உனது விரலுக்கு இது ஒத்துவராது, தம்பி, ஒரு நரம்பை அழுத்தினால் மூன்று நரம்பை மூடுவாய்" என்று கூறிச் சிரித்தேன். வகுப்பும் சிரித்தது. அவனும் சிரித்தான். அதன்பின் அவன் அந்தக் கிற்றார் இருந்த அறைப்பக்கம் வந்ததை யான் காணவில்லை.

நிற்க. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் என் மகளுக்கு அவளுடைய தாய்மாமன் கனடாவிலிருந்து கிற்றார் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அவள் சில மாதம் பழகினாள். பின்னர்ப் பரீட்சை வந்தது. கிற்றார் சுவரிலே தொங்கியது. இரவிலே பயிற்சிக் கொப்பிகளைத் திருத்திய பின்னர் அதனை எடுத்து மடியில் வைத்துப் பார்க்கும் ஆசை எனக்கு உண்டாயிற்று. எங்கள் தலைமுறையாருக்கு இளமையிலே இசை பயிலும் வாய்ப்பு இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டில் வீரமுனை மக்கள் உயிரிழப்புக்களைக் கண்டு, ஊரை விட்டு அகதிகளாய்ப் போன காலத்திலே யான் பத்து வயதுச் சிறுவன். அன்று புத்தகப் பை கிடைத்ததே பெரிது. வாத்தியம் யார் தருவார்? ஆகவே நாற்பதைக் கடந்த வயதிலே, யாரும் காணாத வேளையில், அக்கிற்றாரை எடுத்து ஒரு நரம்பை அழுத்தினேன். மூன்று நரம்புகள் ஒருங்கே ஊமையாயின.

அப்பொழுதுதான் எனது கையை நோக்கினேன். யானும் வயல்காரன் மகன். எனது விரலும் அம்மாணவனின் விரலைப்போன்றதே. அவனுக்கு யான் கூறிய தீர்ப்பு எனக்கும் உரியதாயிற்று.

ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நமது பழமொழி. "விரல் பருத்தது, ஆகவே வராது" என்னும் சொல்லும் அத்தகைய சாட்டே என்று சிலர் கூறுவர். வேறு சிலர் அதனை மறுத்து, விரல் பருத்தால் வாராதது வாராதுதான் என்பர். இருசாராரும் பாதி உண்மையே சொல்கின்றனர் என்பது எனது துணிபு. ஆடுபவள் பழகாதிருத்தலும் உண்டு. கூடம் மெய்யாகவே கோணலாயிருத்தலும் உண்டு. எது எவ்விடத்து உண்மை என்று ஆராய்ந்து அறியாமல், ஆடுபவளின் காலைக் குறை கூறுதலே தவறு. அதைத்தான் யான் அன்று செய்தேன்.

முதலிலே விரலை அளந்து பார்ப்போம். எனது சுட்டுவிரலின் நுனி அகலம் 20 மில்லிமீற்றர். மெலிந்த விரல் உடைய என் மகளின் சுட்டுவிரல் 14 மில்லிமீற்றர். இனி, கம்பி நரம்பு பூட்டிய கிற்றாரின் கழுத்து, தலைப்பக்கத்திலே ஏறத்தாழ 43 மில்லிமீற்றர் அகலமுடையது. அதிலே ஆறு நரம்புகள். இரு ஓரத்திலும் விடும் இடத்தைக் கழித்தால், ஒரு நரம்புக்கும் அடுத்த நரம்புக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 7 மில்லிமீற்றரே. இக்கணக்கைக் கண்டபொழுது எனக்கு ஓர் உண்மை புலனாயிற்று. எனது 20 மில்லிமீற்றர் விரல் அந்த 7 மில்லிமீற்றரிலே அடங்காது, மெய்தான். ஆனால் என் மகளின் 14 மில்லிமீற்றர் விரலும் அடங்காது! மெலிந்த விரலும் அவ்விடைவெளியினும் இரு மடங்கு பெரிதே. ஆகவே நரம்புகளின் இடையே தன் விரலைச் செருகி வாசிப்பவர் உலகிலே எவருமில்லை. எல்லோரும் விரல் நுனியை நிமிர்த்தி நிறுத்தியே வாசிக்கின்றனர். நிமிர்ந்து நிற்கும் விரல் நரம்பைத் தொடும் இடம் சிறிது. படுத்த விரல் தொடும் இடம் பெரிது. மெலிந்த விரலுக்குக் கொஞ்சம் படுத்தாலும் மன்னிப்பு உண்டு. பருத்த விரலுக்கு அம்மன்னிப்பு இல்லை. வேறுபாடு அவ்வளவே.

இதனை எனக்கு விளங்கவைத்தவர் மருதமுனையைச் சேர்ந்த ஒரு நண்பர். கைத்தறி நெசவிலே பேர்பெற்ற ஊர் அது என்பதை இப்பகுதியார் யாவரும் அறிவர். அவரும் நெசவுக் குடும்பத்தார், என்னினும் மூத்தவர், இளமையிலே கொழும்பில் தொழில் பார்த்த காலத்துக் கிற்றார் பழகியவர். அவரை யான் 'காக்கா' என்றே அழைப்பேன். அவருடைய விரல்கள் என் விரல்களினும் தடித்தவை. அவ்விரல்களால் தறியிலே அறுந்த இழையைப் பிடித்து முடிந்து விடுவார். முடிச்சு எங்கே இருக்கின்றது என்று தேடினாலும் கண்ணிற்படாது. தடித்த விரல் நுண்ணிய தொழிலுக்கு ஆகாது என்பார் ஒருமுறை மருதமுனைக்குச் சென்று தறியருகே நிற்பாராக.

யான் வாசிப்பதை ஒரு நாழிகை பார்த்திருந்துவிட்டு அவர் சொன்னார்: "சேர், நீங்க நரம்பை நசுக்கிறீங்க. நசுக்க வேணாம், தொட்டாக் காணும்."

அன்றுதொட்டு அவர் கற்பித்தவற்றைச் சுருங்கக் கூறுவேன். பழக விரும்பும் மாணவர்க்கு அவை பயன்படும்.

முதலாவது பெருவிரல். யான் கிற்றாரின் கழுத்தை மண்வெட்டிப் பிடியைப் பற்றுவதுபோல் உள்ளங்கை படப் பற்றியிருந்தேன். அவ்வாறு பற்றினால் விரல்கள் நிமிர இடமில்லை, படுத்துவிடும். பெருவிரலின் வயிற்றுப்பகுதியைக் கழுத்தின் பின்புறத்து நடுவிலே வைத்து, உள்ளங்கைக்கும் கழுத்துக்கும் இடையே வெளி விட்டு, மணிக்கட்டைச் சிறிது முன்னே தள்ளினால் விரல்கள் தாமே வளைந்து நுனியிலே நிற்கும். இரண்டாவது நகம். இடக்கை நகம் சிறிது வளர்ந்தாலும் விரல் நிமிராது. ஒட்ட வெட்டுதல் வேண்டும். மூன்றாவது அழுத்தும் இடம். மெட்டுக்கள் இரண்டின் நடுவே அழுத்தினால் பெரிய பலம் வேண்டும். முன்னுள்ள மெட்டை ஒட்டி, அதன் பின்னாலே அழுத்தினால் சிறு பலமே போதும். பலம் குறைந்தால் விரலின் சதை பரவுவதும் குறையும். அயல் நரம்பு தப்பும். நான்காவது, ஒரே மெட்டிலே அடுத்தடுத்த மூன்று நரம்புகளில் மூன்று விரல் நிற்கவேண்டிய சுரக்கூட்டு. அதிலே பருத்த விரலார் இடர்ப்படுவது உண்மை. அதற்கும் வழி உண்டு. ஒரே விரலை மூன்று நரம்பின்மேலும் படுக்க வைக்கலாம். அல்லது இரண்டு விரலாலே மூன்றையும் பிடிக்கலாம். இங்கே பருமனே நன்மையாய் முடிகின்றது. விரலைப் படுக்க வைத்துப் பல நரம்புகளை ஒருங்கே அடக்குதலைத் தடித்த விரலார் எளிதிலே செய்வர். மெலிந்த விரலார் பல வாரம் வருந்துவர்.

இவை ஆடுபவர் பழகவேண்டியவை. இனிக் கூடத்தின் கோணலைப் பார்ப்போம்.

எனது மகளின் கிற்றார் கம்பி நரம்புடையது, கழுத்து ஒடுங்கியது. ஐரோப்பிய மரபுச் செவ்விசைக்கு உரிய கிற்றாரோ நைலோன் நரம்புடையது. அதன் கழுத்து ஏறத்தாழ 52 மில்லிமீற்றர் அகலமுடையது. அதிலே நரம்பிடைத் தூரம் ஏறத்தாழ எட்டரை மில்லிமீற்றர். கூடுதல் ஒன்றரை மில்லிமீற்றரே; ஒரு நெல்மணியின் தடிப்புத்தானும் இல்லை. ஆயினும் அத்தூரம் எனக்கு ஊமைச் சத்தத்துக்கும் தெளிந்த நாதத்துக்கும் இடைப்பட்ட தூரமாயிற்று. நைலோன் நரம்பு மென்மையானதுமாகும். விரல் நுனியைப் புண்ணாக்குவதும் குறைவு. நண்பரிடம் அத்தகைய பழைய கிற்றார் ஒன்று இருந்தது. அதனை யான் மடியில் வைத்த முதல் நாளிலே, ஆறு மாதமாய் வராதிருந்த சுரக்கூட்டு இரண்டு தெளிவாய் ஒலித்தன.

மெட்டுக்களின் அமைப்பும் நோக்கத்தக்கது. நரம்பின் நீளம் 650 மில்லிமீற்றராயின், முதல் மெட்டுக்கு உரிய இடம் ஏறத்தாழ 36 மில்லிமீற்றர். மேலே செல்லச் செல்ல அது ஒரே விகிதத்திலே குறுகும். பன்னிரண்டாம் மெட்டிலே ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் ஆகும். ஆகவே பருத்த விரலார் தலைப்பக்கத்து மெட்டுக்களிலே தொடங்குதல் நன்று. விரல் நீண்டவர்க்கு அந்த அகன்ற மெட்டுக்களே வசதியுமாகும். குட்டை விரலார் அங்கே எட்டாமல் வருந்துவதை யான் கண்டிருக்கின்றேன். ஒருவருக்குக் குறை என்பது ஓரிடத்திலே. மற்றவருக்கு அது வேறோரிடத்திலே. குறை இல்லாத கை எதுவுமில்லை.

தமிழாசிரியன் என்ற முறையிலே இங்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். யாழ் வாசிக்கும் மகளிரின் விரலுக்குக் காந்தள் மலரை உவமை கூறுதல் நமது புலவர் மரபு. படித்துப் படித்து அவ்வுவமை நமது கண்ணிலே ஒட்டிக்கொண்டது. நரம்பைத் தொடுவதற்குக் காந்தள் விரலே வேண்டும் என்று நாம் நம்பத் தொடங்கிவிட்டோம். அன்று மாணவரின் கைகளை நீட்டச் சொன்னபொழுது யான் தேடியதும் காந்தளையே போலும். ஆனால் அதே சங்க நூல்களிலே வேறொரு கையும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் இடையனைக் காட்டுகின்றார். அவன் முதலில் குழல் ஊதுகின்றான். அது சலித்தபொழுது குமிழமரக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்று தானே செய்து, தன் விரலாலே குறிஞ்சிப்பண்ணை எழுப்புகின்றான். மாடு மேய்த்த கை அது, தீக்கடைந்த கை அது, காந்தள் அன்று. யாழே வேட்டுவனின் வில்லிலிருந்து பிறந்தது என்று அறிஞர் கூறுவர். அவ்வாறாயின் தமிழ் நிலத்திலே நரம்பை முதன்முதலிலே மீட்டியது நாணேற்றிக் காய்த்த விரலே அன்றோ?

யாழைப் பற்றிப் பேசும்பொழுது நமது அயலூராகிய காரைதீவை மறத்தல் இயலாது. 1892ஆம் ஆண்டிலே அங்கே பிறந்த விபுலானந்த அடிகள், எம்மைப்போல ஆசிரியப் பயிற்சி பெற்றவர். விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர். மறைந்து போன யாழ்க் கருவியின் அமைப்பையும் சுருதிக் கணக்கையும் பல ஆண்டு ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ்நூல், 1947ஆம் ஆண்டிலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். யாழிலே ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நரம்பு. பேரியாழுக்கு இருபத்தொன்று, செங்கோட்டியாழுக்கு ஏழு என்பர். மீட்டினாற் போதும், கழுத்திலே அழுத்தும் வேலை இல்லை. வீணையும் கிற்றாரும் போன்ற கருவிகளிலோ ஒரே நரம்பிலே பல சுரங்களைப் பிறப்பித்தல் வேண்டும். அதற்காகவே விரல் அழுத்தவேண்டியதாயிற்று. ஆகவே பருத்த விரலின் இடர் இசையின் இடர் அன்று. ஒரு வகைக் கருவியின் இடர். கருவியை மனிதன் செய்தான்; மனிதனுக்கு ஏற்ப அதனைத் திருத்தவும் மனிதனால் இயலும்.

உலகம் இதனை எப்பொழுதோ அறிந்துகொண்டது. ஸ்பெயின் நாட்டு அந்திரேஸ் செகோவியா (1893-1987) கிற்றாரைப் பெரும் இசையரங்குகளிலே மதிக்கத்தக்க வாத்தியமாக நிலைநிறுத்தியவர். அவருடைய விரல்கள் தடித்துச் சதைப்பற்றானவை. அவற்றைக் கண்டு வியந்தவர் பலர். அவர் வாசித்தது அகன்ற கழுத்துடைய கிற்றார் என்பதையும் நினைக்க. ஹவாய்த் தீவிலே இஸ்ரேல் கமகவிவோஒலே (1959-1997) என்பவர் இருந்தார். ஒரு காலத்திலே 300 கிலோவுக்கு மேற்பட்ட உடல் எடை உடையவர். அவர் மார்பிலே கிற்றாரினும் மிகச் சிறிய, நான்கு நரம்புடைய உகுலேலே ஒரு விளையாட்டுப் பொருள்போலக் காணப்படும். அதிலிருந்து அவர் எழுப்பிய இசையின் மென்மையை இன்றும் உலகம் கேட்டு மகிழ்கின்றது. ஜாங்கோ ரைன்ஹார்ட் (1910-1953) என்பவரின் கதை இன்னும் வேறு. 1928ஆம் ஆண்டிலே தீ விபத்து ஒன்றில் இடக்கையின் இரண்டு விரல்கள் பெரும்பாலும் பயனற்றுப் போயின. எஞ்சிய இரண்டு விரலுக்கு ஏற்ற புதிய முறையை அவரே அமைத்துக்கொண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த ஜாஸ் கிற்றார்க் கலைஞராக விளங்கினார். இரண்டு விரலால் அவர் செய்ததை, ஐந்து விரலும் பருத்திருக்கின்றன என்று கூறி நாம் செய்யாது விடுதல் தகுமா?

விரலால் அழுத்தவே வேண்டாத வழியும் உண்டு. கிற்றாரை மடியிலே கிடத்தி, நரம்பின்மேல் உருளைக் கோல் ஒன்றை வழுக்கி வாசிக்கும் முறை அது. நமது கோட்டு வாத்தியத்தின் முறையும் அதுவே. விஸ்வ மோகன் பட் அம்முறையிலே கிற்றாரைத் திருத்தி அமைத்து, மோகன வீணை எனப் பெயரிட்டு, 1994ஆம் ஆண்டிலே கிராமி விருதும் பெற்றார். கழுத்தின் அகலம் அங்கே ஒரு கேள்வியே அன்று.

நமது கரைக்கும் கிற்றார் அந்நியமன்று. மட்டக்களப்பிலே போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் தம் கபிரிஞ்ஞா இசையிலே வயலினோடு கிற்றாரையும் வாசித்து வந்துள்ளனர். தச்சுத் தொழிலும் கொல்லத் தொழிலும் செய்த கைகளே அவருட் பல. ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் முதலானோர் பாடிய ஈழத்துப் பொப் இசைப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தோர் நம்முட் பலர் உளர். கல்முனைப் பகுதி முஸ்லிம் மக்களின் றபானும் பொல்லடியும், நமது ஊர்களின் உடுக்கும் வசந்தன் ஆட்டமும் உழைக்கும் கைகளிலேதான் இதுவரை வாழ்ந்து வந்தன. கைகளைப் பார்த்து ஆள் தெரிந்திருந்தால் இவற்றுள் ஒன்றும் நம் காலம்வரை வந்திராது.

எதிர்வாதம் ஒன்றுக்கு விடை கூறவேண்டும். "எல்லோருக்கும் எல்லாம் வரும் என்று ஆசை காட்டுதல் ஆசிரியனுக்கு அழகா? வராத ஒன்றிலே ஒரு பிள்ளை காலத்தை வீணாக்கலாமா?" எனக் கேட்பர். கேள்வி நியாயமானதே. யான் மூன்று ஆண்டு பழகியும் இன்று மேடை ஏறத் தக்கவன் அல்லேன். விரைந்து விரல் மாற்றும் இடங்களிலே இப்பொழுதும் அயல் நரம்பைத் தட்டிவிடுகின்றேன். சில சுரக்கூட்டுக்களை முழுமையாய்ப் பிடிக்க முடியாமல் ஒரு நரம்பை விட்டுவிட்டுப் பிடிக்கின்றேன். பருத்த விரலால் வரும் இடர் கற்பனை என்று யான் கூறவில்லை. அது இடர்தான், ஆனால் தடை அன்று. இடருக்கும் தடைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து சொல்பவனே ஆசிரியன். ஒரு பிள்ளைக்கு இசை வருமா வராதா என்பதைச் செவியைக் கொண்டு அறியலாம். ஆறு மாத முயற்சியைக் கொண்டு அறியலாம். அவன் மறுநாளும் வருகின்றானா என்பதைக் கொண்டு அறியலாம். நீட்டிய கையைக் கண்டு அறிதல் இயலாது.

இதிலே இன்னொரு கேடும் மறைந்து கிடக்கின்றது. நம் பகுதியிலே யாருடைய பிள்ளைக்கு விரல் தடிக்கின்றது? விடுமுறையிலே வயல்வட்டைக்குப் போகும் பிள்ளைக்கு. கடலிலே வலை இழுக்கும் பிள்ளைக்கு. அரிசி ஆலையிலே மூடை சுமக்கும் பிள்ளைக்கு. மெலிந்த விரலைத் தேடி எடுப்பவன், தான் அறியாமலே, வேலை செய்யாத வீட்டுப் பிள்ளையைத் தேடி எடுக்கின்றான். யான் அன்று தெரிந்தெடுத்த இருவரும் உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை, நன்றாகவே வாசித்தனர். ஆயினும் யான் விரலைத் தெரிந்தெடுப்பதாக எண்ணிக் குடும்பத்தைத் தெரிந்தெடுத்துவிட்டேன். சாதியும் செல்வமும் பாராது கல்வி தருவோம் என்று கூறும் நாம், கலைக்கூடத்தின் வாயிலிலே விரலைப் பார்த்து நிறுத்தினால், கூறியது என்னாவது?

ஆகவே மூவரிடம் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன்.

பழைய மாணவராகிய அன்பர்காள்! உங்களுட் பலர் வெளிநாடுகளிலே வாழ்கின்றீர்கள். கல்லூரிக்கு வாத்தியம் அனுப்பும் நல்லெண்ணம் உங்களிடம் உண்டு. அனுப்பும்பொழுது கண்ணுக்கு அழகான ஒடுங்கிய கழுத்துக் கிற்றார்களை மட்டும் அனுப்பாது, அகன்ற கழுத்துடைய நைலோன் நரம்புக் கிற்றார் சிலவும் அனுப்புங்கள். விலை பெரும்பாலும் ஒன்றே, பயன் வேறு. அவற்றோடு, தெரிவு என்ற பெயரிலே எவரையும் விலக்காது, ஆசையுள்ள எல்லா மாணவரும் ஆறு மாதமேனும் பழகுதற்கு ஓர் இசையறையும் மாலை வகுப்பும் அமையுமாயின், இவ்விழாவுக்கு அதனினும் சிறந்த நினைவு வேறில்லை.

உடன் ஆசிரியர்களே! நமக்குத் தெரியாத துறையிலே "தெரியாது" என்று சொல்லப் பழகுவோம். தெரிந்தாரை அழைத்து வருவோம். நாம் சிரித்துச் சொன்ன ஒரு சொல்லை நாம் மறுநாளே மறக்கின்றோம். கேட்ட பிள்ளை மறப்பதில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் விரல் உங்கள் தந்தையர் உங்களுக்கு ஈந்த விரல். அதற்கு நாணாதீர்கள். ஆனால் அதனைச் சாட்டாகவும் கொள்ளாதீர்கள். கூடம் கோணலாயின் கூடத்தை மாற்றிக் கேளுங்கள். மாற்றிய பின்னரும் ஆட்டம் வரவில்லையெனின், நாள்தோறும் அரைமணி நேரம் அமர்ந்து பழகுங்கள். நகத்தை வெட்டுங்கள், பெருவிரலைப் பின்னே வையுங்கள், நரம்பை நசுக்காது தொடுங்கள்.

அந்த மாணவன் இன்று கட்டாரிலே தொழில் செய்கின்றான். சென்ற சித்திரை விடுமுறையிலே ஊருக்கு வந்திருந்தான். சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் வீதியிலே அவனைக் கண்டேன். நெடுநாளாய் மனத்திலே இருந்ததைக் கூறினேன். அன்று யான் சொன்னது பிழை, எனக்கு அதுபற்றி ஒன்றும் தெரியாது, மன்னித்துக்கொள் என்றேன். அவன் வெட்கப்பட்டுச் சிரித்து, "அதெல்லாம் பழைய கதை சேர், உடுங்க" என்றான். பின்னர்த் தன் கையை ஒருமுறை பார்த்தான், சட்டைப்பையிலே வைத்துக்கொண்டான்.

அவனுக்கு நாலு வயதில் ஒரு மகன் உண்டு. தந்தையின் கையே அவனுக்கும் வாய்த்திருக்கின்றது. இன்னும் சில ஆண்டிலே அவனும் ஏதோ ஒரு பாடசாலையின் வரிசையிலே நிற்பான். அன்று அவனைக் கை நீட்டச் சொல்லாது, "பாடு, கேட்போம்" என்று சொல்லும் ஆசிரியர் ஒருவர் அங்கே இருப்பாராக. நமது கல்லூரியிலே அத்தகையோர் பல்குவாராக. கல்லூரி வாழ்க!